சோற்றைக் குறைத்தாலும் குறையாத கால்கள்

உடல் எடை பற்றி வானொலியில் ஒரு மணி நேர நிகழ்ச்சி நடத்தியிருந்தேன். மறுநாள் காலை புலனத்தில் ஒரு குரல் பதிவு வந்தது. பேசியவர் கிள்ளான் பக்கத்தைச் சேர்ந்த ஓர் ஆசிரியை.

“அக்கா, சோறு குறைச்சு, தினமும் நடந்து, 14 கிலோ இறக்கிட்டேன். முகம் ஒட்டிப்போச்சு, கழுத்தெலும்பு தெரியுது. கால் மட்டும் அப்படியே இருக்கு. என் மகன் மடியில ஏறினாலே உயிர் போற மாதிரி வலிக்குது. இப்பதான் டாக்டர் இதுக்குப் பேரு லிப்பிடீமான்னு சொன்னாரு. கொழுப்ப உறிஞ்சி எடுக்கலாமாம். நாலு கிளினிக்ல விசாரிச்சேன். நாலு பேரும் நாலு மிஷின் பேரு சொல்றாங்க. எத நம்பி நான் நகைய அடகு வைக்கிறது?”

நான் மருத்துவர் இல்லை. ஊடகத்துறையில் பட்டம் பெற்று, ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்து பிழைப்பவள். ஆனால் அந்தக் கடைசிக் கேள்வி என்னை விடவில்லை. மருத்துவ ஆய்விதழ்களையும் சில நாடுகளின் வழிகாட்டி நெறிகளையும் தேடிப் படித்தேன். புரியாத இடங்களைத் தெரிந்த மருத்துவர்களிடம் கேட்டுக்கொண்டேன். நம் வீடுகளில் இதே வலியோடு பேசாமல் இருக்கும் பெண்கள் இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால் அதை இங்கே எழுதுகிறேன்.

இது என்ன நோய்?

லிப்பிடீமா புதிய நோய் அல்ல. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த எட்கர் ஆலன், எட்கர் ஹைன்ஸ் என்ற இரு மருத்துவர்கள் 1940இலேயே இதற்குப் பெயர் வைத்து எழுதிவிட்டார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியலில் இதற்குத் தனி இடம் உண்டு. அந்தப் பட்டியல் 2022இல் நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட எண்பது ஆண்டுகளில் எத்தனை பெண்கள் “வாயைக் கட்டு” என்ற ஒரே அறிவுரையோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டார்களோ!

இது கிட்டத்தட்ட பெண்களுக்கு மட்டுமே வருகிறது. பூப்பெய்தும் வயதில், கர்ப்ப காலத்தில், அல்லது மாதவிடாய் நிற்கும் காலத்தில் தலைகாட்டும். இடுப்புக்குக் கீழே இரண்டு கால்களிலும் ஒரே சீராகக் கொழுப்பு சேரும். சிலருக்குக் கைகளிலும் சேரும். பாதம் மட்டும் ஒல்லியாகவே இருக்கும். கணுக்காலில் வளையல் போட்டதுபோல் ஒரு மடிப்பு விழும். லேசாக மேசையில் இடித்தாலும் நீலம் பாய்ந்துவிடும். அழுத்தினால் வலிக்கும். இரத்த அழுத்தம் பார்க்கக் கையில் பட்டையைச் சுற்றினாலே சிலர் முகம் சுளிப்பார்கள். தாய், அத்தை, பாட்டி என்று பரம்பரையாக வருவதும் உண்டு. “எங்க வீட்டுப் பொம்பளைங்களுக்கே கால் தடி” என்று சிரித்துக்கொண்டே சொல்வோமே, அந்தப் பேச்சுக்குப் பின்னால் சில சமயம் இந்த நோய் இருக்கலாம்.

இதைச் சாதாரண உடல் பருமனோடு குழப்புகிறோம். பருமனில் கொழுப்பு உடம்பு முழுக்க ஏறும். உணவைக் குறைத்தால் முழுக்க இறங்கும். லிப்பிடீமாவில் மேல் உடம்பு இறங்கும். கால் பிடிவாதமாக நிற்கும். இரண்டும் ஒரே பெண்ணுக்கு இருப்பதும் உண்டு என்பதால், எடையைக் கவனிப்பது வீண் வேலை அல்ல. லிப்பிடீமாவின் வலி அதனால் மட்டும் தீராது, அவ்வளவுதான்.

நிணநீர் வீக்கம் இன்னொரு குழப்பம். நம் பாட்டிமார் யானைக்கால் என்று பயப்படும் வகையும் இதில் அடங்கும். அதில் பெரும்பாலும் ஒரு கால் மற்றதைவிடப் பெரிதாக இருக்கும், பாதமும் வீங்கும். மருத்துவர்கள் ஓர் எளிய சோதனை செய்வார்கள். காலின் இரண்டாம் விரலின் அடியில் தோலைக் கிள்ளித் தூக்கிப் பார்ப்பார்கள். தூக்க முடியாவிட்டால் நிணநீர் வீக்கத்தைச் சந்தேகிக்க வேண்டும். லிப்பிடீமாவில் தோல் எளிதாக எழும்பி வரும். வெறும் கைவிரலால் செய்யும் சோதனைதான். ஆனால் அதைச் செய்து பார்க்காமலேயே கொழுப்பை உறிஞ்சக் கிளம்பினால் நோய் ஒன்று, சிகிச்சை ஒன்று என்றாகிவிடும்.

அழுத்தக் காலுறையில் தொடங்கி

எந்த வழிகாட்டி நெறியும் கொழுப்பு உறிஞ்சலை முதல் படியாகச் சொல்வதில்லை. இறுக்கமாகப் பின்னிய அழுத்தக் காலுறை, நிணநீரை மென்மையாகத் தள்ளிவிடும் கைச் சிகிச்சை, நடை, நீச்சல், உணவுக் கட்டுப்பாடு ஆகியவை முதலில் வருகின்றன. தண்ணீரின் அழுத்தமே கால்களுக்கு இதம் தருவதால் நீச்சலுக்குத் தனி மதிப்பு. நம் ஊர் வெயிலில் பஞ்சாபி உடைக்குள்ளே தடித்த காலுறையோடு நாள் முழுவதும் நிற்பது எவ்வளவு கொடுமை என்பது போட்டவர்களுக்குத்தான் தெரியும். இருந்தாலும் பலருக்கு வலி இதிலேயே தணிகிறது. தணியாதவர்களுக்கே அடுத்த படி.

நான்கு பெயர்கள், உண்மையில் இரண்டு கேள்விகள்

அந்த ஆசிரியைக்குச் சொல்லப்பட்ட நான்கு பெயர்கள்: டியூமெசென்ட், பவர், வாட்டர் ஜெட், வேசர். கடையில் நான்கு கைப்பேசிகளை வரிசையாக வைத்ததுபோல் இவை நமக்குத் தோன்றுகின்றன. படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, கேள்வி இரண்டு என்று. ஒன்று, உடம்புக்குள் என்ன திரவம், எவ்வளவு செலுத்தப்படுகிறது? இரண்டு, எந்தக் கருவி கொழுப்பைப் பிரித்து எடுக்கிறது?

1970களில் இத்தாலியில் ஃபிஷர் என்ற தந்தையும் மகனும் இந்தச் சிகிச்சையைத் தொடங்கியபோது திரவம் இல்லாமல்தான் உறிஞ்சினார்கள். அப்படி எடுக்கும்போது இரத்தம் நிறையப் போகும். பிரான்சின் இல்லூஸ் திரவத்தைச் செலுத்திப் பார்த்தார். 1980களின் நடுவில் கலிபோர்னியாவின் தோல் மருத்துவர் ஜெஃப்ரி கிளைன் அதை ஒரு முறையாகவே மாற்றினார். உப்புநீரில் லிடோகெய்ன் என்ற மரத்துப்போகச் செய்யும் மருந்தையும் அட்ரினலினையும் மிகவும் நீர்த்த அளவில் கலந்து, தோலுக்குக் கீழே கொழுப்பு விறைத்து நிற்கும்வரை செலுத்துவதுதான் டியூமெசென்ட். அட்ரினலின் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் இரத்த இழப்பு வெகுவாகக் குறைகிறது. முழு மயக்கம் இல்லாமலே செய்யலாம். நோயாளியைத் திரும்பிப் படுக்கவும் எழுந்து நிற்கவும் சொல்லி மருத்துவர் காலின் வடிவத்தைப் பார்த்துக்கொள்ளலாம். மருந்து நன்றாக ஊறக் காத்திருக்க வேண்டும் என்பதால் நேரம் பிடிக்கும்.

பவர் என்பது டியூமெசென்டுக்குப் போட்டி அல்ல. அதன் மேல் சவாரி செய்வது. திரவம் செலுத்திய பிறகு உள்ளே விடும் மெல்லிய, மழுங்கிய முனையுள்ள உலோகக் குழல் தானாகச் சில மில்லிமீட்டர் தூரம், நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை முன்னும் பின்னும் அதிரும். மருத்துவர் பலம் கொடுத்துக் குத்த வேண்டியதில்லை. லிப்பிடீமாவில் எடுக்க வேண்டிய கொழுப்பு அதிகம், திசுவும் முடிச்சு முடிச்சாக இருக்கும். நேரம் போகப் போக மருத்துவரின் கை ஓய்ந்துவிடாமல் இருக்க இந்த அதிர்வு உதவுகிறது.

வாட்டர் ஜெட் ஜெர்மனியில் வளர்ந்த முறை. குழலின் முனையிலிருந்து விசிறி வடிவில் திரவம் பீய்ச்சும். அது கொழுப்பைத் தளர்த்த, அதே குழல் உடனே உறிஞ்சிக்கொள்ளும். முன்கூட்டிச் செலுத்த வேண்டிய திரவம் குறைவு. காத்திருக்கும் நேரமும் குறைவு. கால் திரவத்தால் ஊதிப்போகாததால் வடிவம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் மரத்துப்போகச் செய்யும் மருந்து அந்த அளவுக்கு ஊறாததால், பெரும்பாலும் கூடவே மயக்க மருந்தோ தூக்க மருந்தோ தேவைப்படுகிறது. அதற்கென்று தனியாக மயக்கவியல் நிபுணர் இருக்க வேண்டும்.

வேசர் என்பது ஒலியலை முறையின் ஒரு வணிகப் பெயர். மனிதக் காதுக்கு எட்டாத அதிர்வலைகள் கொழுப்பைக் கரைசலாக்க, பிறகு உறிஞ்சுகிறார்கள். நார் நிறைந்த இறுகிய திசுவில் நன்றாக வேலை செய்யும். அதிர்வலை சூட்டையும் உண்டாக்கும். கவனம் தப்பினால் உள்ளே புண்ணாகலாம், நீர் கோத்துக்கொள்ளலாம். சூட்டால் கொழுப்பை உருக்கும் லேசர் முறைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். வயிறு, தாடை போன்ற இடங்களில் அழகுக்காக இவற்றைச் செய்பவர்கள் உண்டு. லிப்பிடீமாவைப் பற்றிய நீண்டகால ஆய்வுகளோ பெரும்பாலும் முதல் மூன்று முறைகளைச் சுற்றியே இருக்கின்றன.

எல்லாவற்றுக்கும் நடுவில் நிணநீர்க் குழாய்

அழகுக்காகக் கொழுப்பு எடுப்பதற்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இங்கேதான். கால்களில் கொழுப்போடு கொழுப்பாக, நூலைவிட மெல்லிய நிணநீர்க் குழாய்கள் ஓடுகின்றன. அவை அறுபட்டால், லிப்பிடீமாவோடு நிணநீர் வீக்கமும் சேர்ந்துகொள்ளும் அபாயம் உண்டு.

1999இல் ஜெர்மனியின் ஃபிரிக் குழுவினர் இறந்தவர்களின் கால்களில் இதை ஆராய்ந்தார்கள். காலின் நீளவாக்கில் குழலை ஓட்டியபோது நிணநீர்க் குழாய்கள் பெரும்பாலும் தப்பின. குறுக்கே ஓட்டியபோது சேதம் கூடியது. 2009இல் ஸ்டூட்ஸ், க்ரால் என்ற இருவர் வாட்டர் ஜெட் முறையில் 30 பெண்களிடமிருந்து உறிஞ்சிய கொழுப்பை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். அதில் நிணநீர்க் குழாய்கள் சிதைந்து வந்ததற்கான தடயம் அனேகமாக இல்லை.

வலி குறைகிறதா? ராப்ரிக் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், டியூமெசென்ட் திரவத்தோடு அதிரும் குழலைப் பயன்படுத்தி 25 பெண்களுக்குச் சிகிச்சை நடந்தது. பத்துக்கு 7.2 என்றிருந்த சராசரி வலி ஆறு மாதம் கழித்து 2.1 ஆனது. ஜெர்மனியின் லூபெக் நகரில் ஷ்மெல்லர் குழுவினர் 60 பெண்களை 12 ஆண்டுகள்வரை தொடர்ந்து கவனித்தார்கள். வலி, நீலம் பாய்தல், அழுத்தினால் நோவது எல்லாம் குறைந்த நிலை நீடித்தது. சிலருக்கு அழுத்தக் காலுறையே தேவைப்படாமல் போனது; சிலர் தொடர்ந்து அணிந்தார்கள். நோய் வேரோடு போய்விடும் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை.

இந்த முறைகளை நேருக்கு நேர் நிறுத்தி, இதுதான் சிறந்தது என்று நிறுவிய பெரிய ஆய்வு எதுவும் கிடையாது. ஆகவே “எங்க மிஷின்தான் பெஸ்ட்” என்று ஒரு கிளினிக் அடித்துச் சொன்னால், அது விளம்பரம். நிணநீர்க் குழாயின் போக்கை அறிந்து நீளவாக்கில் ஓடும் கை டியூமெசென்டிலும் நன்றாகச் செய்யும், வாட்டர் ஜெட்டிலும் நன்றாகச் செய்யும். அறியாத கையில் எந்த இயந்திரமும் ஆபத்துதான்.

ஒரே நாளில் எல்லாம் முடியுமா?

ஒரு கிளினிக் அந்த ஆசிரியையிடம், இரண்டு கால்களையும் கைகளையும் ஒரே நாளில் முடித்துத் தருவதாகச் சொன்னதாம். இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

அட்ரினலினோடு சேர்த்து ஊசியாகப் போடும்போது லிடோகெய்னின் வழக்கமான உச்ச அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 7 மில்லிகிராம். டியூமெசென்டில் அது மிகவும் நீர்த்துப் போவதால் கிலோவுக்கு 35 மில்லிகிராம் பாதுகாப்பானது என்று கிளைன் 1990இல் காட்டினார். பின்னர் 55 வரை போகலாம் என்ற ஆய்வும் வந்தது. 70 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 35 வீதம் என்றால் 2,450 மில்லிகிராம். அதற்கு மேல் ஏற ஏற, மருந்தே நஞ்சாகி இதயத்தையும் மூளையையும் தாக்கும் அபாயம் கூடும். அந்த மருந்து இரத்தத்தில் உச்சத்தைத் தொடுவது சிகிச்சை முடிந்து பல மணி நேரம் கழித்து. நோயாளி வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும் நேரமாகவும் அது இருக்கலாம்.

உறிஞ்சும் அளவுக்கும் எல்லை உண்டு. திரவமும் கொழுப்பும் சேர்த்து 5 லிட்டரைத் தாண்டினால் அதைப் பெரிய அளவு என்று அமெரிக்கப் பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் சங்கம் வகைப்படுத்துகிறது. முறையான மருத்துவமனை வசதியில் செய்து, இரவு முழுவதும் கண்காணிக்க வேண்டும் என்கிறது. லிப்பிடீமாவில் மொத்தம் எடுக்க வேண்டியது இதைத் தாண்டுவது சகஜம். அதனால்தான் கெண்டைக்கால், தொடை, கை என்று பிரித்து, சில வார இடைவெளியில் பல அமர்வுகளாகச் செய்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு வாரக்கணக்கில் அழுத்த உடை போட வேண்டும். இரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்கச் சீக்கிரமே எழுந்து நடக்க வேண்டும். பள்ளி விடுமுறை, தீபாவளி, வீட்டுத் திருமணம் எல்லாவற்றையும் நாள்காட்டியில் பார்த்துத்தான் தேதி குறிக்க முடியும்.

இரண்டு நாடுகள், இரண்டு தீர்ப்புகள்

பிரிட்டனின் தேசியச் சுகாதார மதிப்பீட்டு அமைப்பான நைஸ், 2022 மார்ச்சில், லிப்பிடீமாவுக்கான கொழுப்பு உறிஞ்சலை ஆய்வுக்குள் மட்டுமே செய்ய வேண்டும் என்றது. நுரையீரலுக்குக் கொழுப்புத் துணுக்கு போய் அடைப்பது, காலில் இரத்தம் உறைவது, திரவச் சமநிலை கெடுவது, மருந்து நஞ்சாவது ஆகிய அபாயங்களை அது சுட்டிக்காட்டியது. அதுவரை வந்த ஆய்வுகள் பலவற்றில் சிகிச்சை பெறாதவர்களோடு ஒப்பீடு இல்லை என்பதும் ஒரு குறை.

ஜெர்மனி 2020 முதல் மூன்றாம் நிலை நோயாளிகளுக்கு மட்டும் பொதுக் காப்புறுதியில் இதற்கு இடம் தந்தது. கூடவே, உறிஞ்சல் செய்துகொண்டவர்களையும் காலுறைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களையும் ஒப்பிடும் லிப்லெக் என்ற பெரிய ஆய்வையும் நடத்தியது. ஓராண்டு முடிவில் உறிஞ்சல் பக்கமே வலி தெளிவாகக் குறைந்தது. அதன்பேரில் 2025 ஜூலையில் எல்லா நிலைகளுக்கும் காப்புறுதியை விரிவாக்க முடிவெடுத்தார்கள். நிபந்தனைகளும் உண்டு. ஆறு மாதம் மற்ற சிகிச்சைகளை முறையாகச் செய்திருக்க வேண்டும். பருமனும் அதிகம் இருந்தால் முதலில் அதைக் கவனிக்க வேண்டும். நோயைக் கண்டறிந்து சொல்லும் மருத்துவரும் சிகிச்சை செய்யும் மருத்துவரும் வெவ்வேறு ஆட்களாக இருக்க வேண்டும்.

அந்தக் கடைசி நிபந்தனையை நாமே நமக்கு வைத்துக்கொள்ளலாம். அதற்கு எந்த அரசாங்கமும் தேவையில்லை.

நம் நாட்டில் கவனிக்க வேண்டியவை

2020இல் கோலாலம்பூரில் ஓர் அழகு நிலையத்தில் கொழுப்பு நீக்கம் செய்துகொள்ளப் போன இளம்பெண் ஒருவர் உயிரிழந்த செய்தி பலருக்கு நினைவிருக்கும். தள்ளுபடி விலை, முகநூல் படம், தோழியின் சிபாரிசு ஆகியவற்றை வைத்து இந்த முடிவை எடுக்கக் கூடாது. பணம் கட்டுவதற்கு முன் இவற்றைக் கேளுங்கள்:

* மருத்துவர் மலேசிய மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றவரா? இந்த ஆண்டுக்கான தொழில் சான்றிதழ் இருக்கிறதா? தேசிய நிபுணர் பதிவேட்டில் எந்தத் துறை நிபுணராக அவர் பெயர் இருக்கிறது? இவற்றை இணையத்தில் நீங்களே பார்க்கலாம்.
* இடம், 1998ஆம் ஆண்டுத் தனியார் சுகாதார வசதிகள் சட்டத்தின்கீழ் சுகாதார அமைச்சின் பதிவோ உரிமமோ பெற்றதா?
* அழகுக்காக அல்ல, லிப்பிடீமாவுக்காக இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார்?
* எத்தனை அமர்வு? ஒவ்வொன்றிலும் எத்தனை லிட்டர்? என் எடைக்கு லிடோகெய்ன் எவ்வளவு?
* மயக்க மருந்து யார் பொறுப்பு? இரவு யார் கண்காணிப்பார்? சிக்கல் வந்தால் எந்த மருத்துவமனைக்கு அனுப்புவீர்கள்?
* சொன்ன விலையில் அழுத்த உடை, மறுபரிசோதனை, எல்லா அமர்வுகளும் அடக்கமா?

கேள்வி கேட்டதற்குக் கோபப்படும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம்.

காப்புறுதி நிறுவனங்கள் இதை அழகுச் சிகிச்சை என்று தள்ளிவிடும் வாய்ப்பு அதிகம். நோயின் பெயரை மருத்துவர் கடிதத்தில் எழுதி வாங்கி, பதிலையும் எழுத்திலேயே கேட்டுப் பெறுங்கள். சேமநிதியின் மூன்றாம் கணக்கிலிருந்து பணம் எடுக்கலாம் என்று நினைப்பவர்கள், முதல் அமர்வுக்கு மட்டுமல்லாமல் கடைசி அமர்வுக்கும் பணம் இருக்கிறதா என்று கணக்குப் பார்த்துவிட்டு எடுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. மனைவியோ மகளோ மருமகளோ கால் வலி என்று சொன்னால், தட்டில் இருக்கும் சோற்றைப் பார்ப்பதற்கு முன் காலைப் பாருங்கள். நீலம் இருக்கிறதா, பாதம் மட்டும் ஒல்லியாக இருக்கிறதா, இரண்டு பக்கமும் ஒரே சீராக இருக்கிறதா? இருந்தால் மருத்துவரிடம் கூடவே போங்கள்.

அந்த ஆசிரியைக்கு நான் எந்த இயந்திரத்தின் பெயரையும் சொல்லவில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கச் சொன்னேன். சிகிச்சை எதுவானாலும், அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் இரவில் நான்கு விவரம் குறிக்க வேண்டும். இன்று வலி பத்துக்கு எத்தனை? புதிதாக எத்தனை இடத்தில் நீலம்? எவ்வளவு நேரம் நிற்க முடிந்தது? படி ஏறியபோது எத்தனையாவது படியில் நின்று மூச்சு வாங்கினேன்? பத்துமலையின் 272 படிகளில் பாதி ஏறினாலும் அது ஒரு கணக்குதான்.

ஆறு மாதம் கழித்து அதே நான்கையும் திரும்பக் குறித்து ஒப்பிட்டுப் பாருங்கள். இடுப்புச் சுற்றளவு எத்தனை அங்குலம் குறைந்தது என்பது தையல்காரருக்குத் தேவையான விவரம். பிள்ளை மடியில் ஏறும்போது வலி குறைந்திருக்கிறதா என்பதை அந்த நோட்டு சொல்லும். கொடுத்த பணம் வீணா, இல்லையா என்பதற்கு அதுதான் ரசீது.